படிப்போடு தொண்டும்: கத்தோலிக்கப் பள்ளிகளின் வரலாறு நமக்குச் சொல்லும் பாடம்



பரிசளிப்பு விழா என்றாலே மகிழ்ச்சிதான். மேடையில் நம் பிள்ளை பெயரைக் கூப்பிடும்போது பெற்ற வயிறு குளிர்கிறது. ஆனால் ஆறாம் ஆண்டு முடிந்து இந்தப் பிள்ளைகள் பட்டணத்து இடைநிலைப்பள்ளிக்குப் போனபின், அவர்கள் படிக்கும் படிப்பு யாருக்குப் பயன்படப் போகிறது? அவர்களுக்கு மட்டுமா? வீட்டுக்கு மட்டுமா? ஊருக்குமா? இந்தக் கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு ஒரு வரலாற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

கோலாலம்பூரிலும் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் செயின்ட் ஜான்ஸ், கான்வென்ட், லா சால் என்ற பெயர்களைக் கேள்விப்படாதவர் இருக்க மாட்டார்கள். "அவ கான்வென்ட்டுல படிச்ச பொண்ணு" என்று சொன்னால் ஒரு தனி மதிப்பு. நல்ல இங்கிலீஷ், நல்ல கட்டொழுங்கு, நல்ல ரிசல்ட் என்றுதான் நாம் அவற்றைப் பார்த்தோம். அந்தப் பள்ளிகள் பிள்ளைகளுக்குப் பழக்கிய இன்னொன்று உண்டு. அதுதான் தொண்டு. அதை நாம் அதிகம் கவனிக்கவில்லை.

வாத்தியார்களுக்காக வீட்டைத் திறந்தவர்

லா சால் என்பது ஒரு மனிதரின் பெயர். ஜான் பாப்டிஸ்ட் டி லா சால் என்பவர் 1651-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டின் ரேம்ஸ் நகரில் வசதியான குடும்பத்தில் பிறந்தார். குருவானார். அந்தக் காலத்தில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த வாத்தியார்களுக்கு மதிப்பும் இல்லை, பயிற்சியும் இல்லை, சரியான சாப்பாடும் இல்லை. இவர் அந்த வாத்தியார்களைத் தம் வீட்டிலேயே கொண்டுவந்து தங்கவைத்தார். உறவினர்களுக்குப் பெருங்கோபம். அவர் மசியவில்லை. 1680-ஆம் ஆண்டில் ஆசிரியச் சகோதரர்களின் சபை உருவானது. 1683, 1684-ஆம் ஆண்டுகளில் பஞ்சம் வந்தபோது தம் சொத்தை விற்று ஏழைகளுக்குச் சோறு போட்டார்.

இவர் செய்த காரியங்களில் இரண்டை நாம் குறித்துக்கொள்ள வேண்டும். ஒன்று, ஆசிரியர்களுக்கென்று பயிற்சிக்கூடம் ஏற்படுத்தினார். மற்றொன்று, அந்நாளில் படிப்பு லத்தீனில்தான் தொடங்கும். இவரோ ஏழைப் பிள்ளைகளுக்கு அவர்களுடைய தாய்மொழியான பிரெஞ்சிலேயே முதலில் வாசிக்கக் கற்றுக்கொடுக்கச் செய்தார். ஆம்! தாய்மொழிக் கல்வி என்று நாம் இன்று பேசுகிறோமே, அதை முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே செய்து காட்டியவர் அவர். 1719-இல் மறைந்த அவரை, 1950-ஆம் ஆண்டில் போப்பாண்டவர் பன்னிரண்டாம் பத்திநாதர் எல்லா ஆசிரியர்களுக்கும் பாதுகாவலராக அறிவித்தார்.

மலாயாவுக்கு வந்த கதை

1852-ஆம் ஆண்டில் லா சால் சகோதரர்கள் கப்பலேறி நம் பக்கம் வந்தார்கள். சிங்கப்பூரில் செயின்ட் ஜோசப் பள்ளியும், பினாங்கில் செயின்ட் சேவியர் பள்ளியும் அந்த ஆண்டில் தோன்றியவையே. அதே ஆண்டில் குழந்தை இயேசு சபைக் கன்னியர்கள் பினாங்கில் கான்வென்ட் தொடங்கினார்கள். கான்வென்ட் என்றால் வெறும் பள்ளிக்கூடம் மட்டுமல்ல. பெற்றவர்கள் வளர்க்க முடியாமல் விட்டுப்போன குழந்தைகளுக்கு அது வீடாகவும் இருந்தது. பணக்காரக் குடும்பத்துப் பெண்பிள்ளைகள் படித்த அதே மதிலுக்குள் தாய்தகப்பன் இல்லாத பிள்ளைகளும் வளர்ந்தார்கள்.

கோலாலம்பூரில் 1899-ஆம் ஆண்டில் புக்கிட் நானாஸ் கான்வென்ட்டும், 1904-ஆம் ஆண்டில் செயின்ட் ஜான்ஸ் பள்ளியும் எழுந்தன. பின்னர் பிரிக்பீல்ட்ஸ், செந்தூல், கிள்ளான், பெட்டாலிங் ஜெயா என்று லா சால் பெயர் பரவியது. அந்த 1904-ஆம் ஆண்டிலேயே பிரிக்பீல்ட்ஸில் இலங்கைத் தமிழர்கள் விவேகானந்தர் ஆசிரமத்தை நிறுவினார்கள். ஒரே பட்டணம், ஒரே ஆண்டு, இரண்டு சமயம், நோக்கம் ஒன்று: பிள்ளைகளுக்குக் கல்வி. அந்த ஆசிரமத்தின் வழியாகத் தமிழ்ப் பள்ளியும் வளர்ந்தது. "மக்கள் சேவையே மகேசன் சேவை" என்று நம் பெரியவர்கள் சொல்வது இரண்டு இடத்துக்கும் பொருந்தும்.

மாணவர்கள் தொடங்கிய தொண்டு

இந்தப் பள்ளி மாணவர்களிடையே தொண்டு எப்படிப் பழக்கமானது? பெரிய பெரிய சொற்பொழிவாலா? இல்லை. சின்னச் சின்னக் குழுக்களால்தான்.

பாரிஸ் நகரில் 1833-ஆம் ஆண்டில் பிரெடரிக் ஓசானாம் என்ற கல்லூரி மாணவர் இருந்தார். வயது இருபதுதான். ஒரு விவாதக் கூட்டத்தில் எதிர்த்தரப்பார், "உங்கள் சமயம் முன்பு நல்லது செய்திருக்கலாம், இன்றைக்கு ஏழைகளுக்காக நீங்கள் என்ன செய்கிறீர்கள்?" என்ற பொருளில் மடக்கினார்கள். ஓசானாம் கோபித்துக்கொண்டு போகவில்லை. நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு ஏழைகள் வீட்டைத் தேடிப் போனார். ரோசலி ரெண்டு என்ற கன்னியாஸ்திரி அவர்களுக்கு வழிகாட்டினார். அப்படிப் பிறந்ததுதான் வின்சென்ட் தே பவுல் சபை. இன்று உலகம் முழுவதும் இருக்கிறது. நம் நாட்டுக் கோயில்களிலும் இருக்கிறது. அதன் வழக்கம் எளிமையானது. இரண்டிரண்டு பேராக வீட்டுக்குப் போக வேண்டும். உட்கார்ந்து பேச வேண்டும். தேவை என்ன என்று கேட்டறிந்த பிறகுதான் உதவி. யாருக்குக் கொடுத்தோம் என்று ஊருக்குத் தம்பட்டம் அடிக்கக் கூடாது.

1921-இல் அயர்லாந்தின் டப்ளின் நகரில் மரியாயின் சேனை தொடங்கியது. பெல்ஜியத்தில் ஜோசப் கார்டைன் என்ற குருவானவர் தொழிலாளி இளைஞர்களுக்காக 1925-இல் ஓர் இயக்கம் கண்டார். அந்த வழியில் இளம் கிறிஸ்துவ மாணவர் இயக்கம் வளர்ந்து நம் கோலாலம்பூர், கிள்ளான் பள்ளிகளுக்கும் வந்தது. அதன் பாடம் மூன்றே சொல்: பார், சீர்தூக்கு, செயல்படு. முதலில் நம்மைச் சுற்றி நடப்பதைக் கண் திறந்து பார். அது சரியா தப்பா என்று யோசி. பிறகு உன்னால் ஆனதைச் செய். வாரம் ஒரு கூட்டம், ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை, அடுத்த வாரம் "செஞ்சியா?" என்று ஒரு கேள்வி. முதியோர் இல்லத்துக்குப் போய்ப் பேசிக்கொண்டிருப்பதும், நோயாளியைப் பார்க்கப் போவதும், சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்வதும் இப்படித்தான் பழக்கமாகிறது. நல்ல எண்ணம் எல்லாருக்கும் வரும். அடுத்த வாரம் ஒருவர் கேட்பார் என்று தெரிந்தால்தான் அது காரியமாகும்.

"மதம் மாத்திடுவாங்களோ?"

இந்தப் பயம் நம் மக்களுக்கு உண்டு. மறைக்க வேண்டியதில்லை. வந்த பாதிரிமார்களும் கன்னியர்களும் தங்கள் சமயத்தைப் பரப்பும் விருப்பத்தோடுதான் வந்தார்கள் என்பதும் வரலாறு. ஆனால் அந்தப் பள்ளிகளில் படித்த பிள்ளைகளில் மிகப் பலர் வேறு சமயத்தவர்கள். கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு ஞானோபதேச வகுப்பு. மற்றவர்களுக்கு நன்னெறி வகுப்பு. 1961-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்துக்குப் பிறகு இவை அரசாங்க உதவி பெற்ற பள்ளிகளாகத் தேசியக் கல்வி முறைக்குள் வந்துவிட்டன. 1970-ஆம் ஆண்டு முதலாம் வகுப்பில் தொடங்கிப் படிப்படியாக மலாய்மொழி போதனா மொழியானது. இன்று பிரதர்மாரும் சிஸ்டர்மாரும் வகுப்பறையில் காண்பதற்கு அரிது. ஆனாலும் பழைய மாணவர்கள் விட்டுக்கொடுப்பதில்லை. புக்கிட் நானாஸ் கான்வென்ட் நிலத்தின் குத்தகை 2021-இல் முடியவிருந்தபோது பள்ளிக்காகப் பலரும் குரல் கொடுத்தார்கள். குத்தகை 60 ஆண்டுகளுக்கு நீட்டிக்கப்பட்டது.

நம் தமிழுக்கே தொண்டு செய்த ஒரு கத்தோலிக்கக் குருவையும் நினைத்துப் பாருங்கள். யாழ்ப்பாணத்தில் படித்து வளர்ந்த தனிநாயகம் அடிகளார் 1961 முதல் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறையை நடத்தினார். 1966-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் முதலாவது உலகத் தமிழ் மாநாடு நம் கோலாலம்பூரில் நடந்ததற்கு அவர் உழைப்பே முதற்காரணம். அவர் சமயம் அவருக்கு; அவர் தொண்டு நம் அனைவருக்கும். செவ்வாய்க்கிழமையில் அந்தோணியார் கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றும் நம் இந்து அன்பர்களுக்கு இதை விளக்கிச் சொல்லவும் வேண்டுமா?

மதிலுக்கு வெளியே நின்ற நம் பிள்ளைகள்

ஒரு கசப்பான உண்மையையும் சொல்லியாக வேண்டும். பள்ளி வாசல் திறந்திருந்தது. ஆனால் தோட்டத்துப் பிள்ளை அந்த வாசல் வரைக்கும் போக முடியவில்லை. பட்டணம் தூரம், சம்பளம் கட்ட வசதியில்லை, இங்கிலீஷ் தெரியாது. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டப்படி, ஏழு முதல் பதினான்கு வயதுக்குட்பட்ட பத்துப் பிள்ளைகள் இருக்கும் தோட்டத்தில் நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும். அதுவும் ஆரம்பப் படிப்போடு சரி. அதற்கு மேல் பால்வெட்டுதான். 1964-ஆம் ஆண்டோடு இடைநிலைப்பள்ளி நுழைவுத் தேர்வு நீக்கப்பட்ட பிறகே, புகுமுக வகுப்பு வழியாக நம் பிள்ளைகள் பெருவாரியாக மேலே போகத் தொடங்கினார்கள்.

தாய்மொழியில் வாசிக்கக் கற்றுக்கொடுத்த லா சால் அடிகளாரின் பெயரைக் கொண்ட பள்ளிகளே இந்த நாட்டில் ஆங்கிலத்தில் நடந்தன என்பதும் ஒரு முரண்தான். காலனி ஆட்சிக் காலத்தின் கட்டாயம் அது. அதனால் பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை: தேசியப் பள்ளிகளில் குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டுக்கொண்டால் தமிழ் வகுப்பு நடத்தச் சட்டம் இடம் தருகிறது. நாம் கேட்காவிட்டால் யாரும் தானாகக் கொண்டுவந்து கொடுக்க மாட்டார்கள்.

படித்தவன் திரும்பி வந்தானா?

கார்டைன் அவர்களைப் பற்றி முன்பே சொன்னேன். அவர் 1882-இல் ஓர் ஏழைத் தொழிலாளிக் குடும்பத்தில் பிறந்தவர். கூடப் படித்த பையன்களெல்லாம் ஆலை வேலைக்குப் போனார்கள். இவர் மட்டும் குருமடத்துக்குப் படிக்கப் போனார். விடுமுறையில் ஊருக்கு வந்தபோது பழைய கூட்டாளிகள் முகம் கொடுத்துப் பேசவில்லை. "நீ எங்க ஆளு இல்ல" என்கிற பார்வை. அந்தக் காயம் அவர் வாழ்நாள் முழுவதும் ஆறவில்லை. தொழிலாளி மக்களுக்கே உழைப்பேன் என்று உறுதி எடுத்தார். 1965-இல் கர்தினால் ஆனபிறகும், 1967-இல் கண்மூடும் வரைக்கும் அதே வேலைதான்.

இது நம் கதை இல்லையா? லயத்து வீட்டில் பிறந்து, அம்மா பால்வெட்டிய காசில் படித்து, உத்தியோகத்துக்குப் போன எத்தனையோ பேர் தோட்டத்துப் பக்கம் தலைகாட்டுவதில்லை. "படிச்சிட்டான், மறந்துட்டான்" என்று பெரியவர்கள் பெருமூச்சு விடுகிறார்கள். இப்போது பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. மக்கள் அடுக்குமாடிகளுக்குப் போய்விட்டார்கள். பக்கத்து வீட்டில் யார் என்றே தெரியாத வாழ்க்கை வந்துவிட்டது. புகுமுக வகுப்பில் மலாய்மொழி புரியாமல் திணறி, பள்ளியை விட்டுவிட்டு, கெட்ட கூட்டத்தில் போய்ச் சேரும் பையன்களை நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். அவனுக்கு ஓர் அண்ணன் வாரத்தில் ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

ஆகவே ஒரு சிறு ஏற்பாட்டைச் சொல்கிறேன். இந்தப் பள்ளியில் படித்து இடைநிலைப்பள்ளியில் இருக்கும் பிள்ளைகள் இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து, சனிக்கிழமை காலையில் ஒரு மணி நேரம் இங்கே வந்து ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு மலாய்மொழி வாசிக்கப் பழக்கட்டும். இன்னும் இரண்டு பேர், தனியாக இருக்கும் தாத்தா பாட்டிகளைப் போய்ப் பார்த்து, ஆஸ்பத்திரி அட்டையிலும் கடிதத்திலும் எழுதியிருப்பதைப் படித்துச் சொல்லட்டும். மாதம் ஒருமுறை எல்லாரும் கூடி "செஞ்சியா?" என்று கேட்டுக்கொள்ளட்டும். பணம் தேவையில்லை. கோயில் தலைவரும், பெற்றோர் ஆசிரியர் சங்கமும், சர்ச்சுக்குப் போகும் குடும்பங்களும் கைகொடுத்தால் போதும். ஊர் கூடினால்தானே தேர் நகரும்!

பிள்ளைகளே! இன்று கையில் வாங்கும் கிண்ணத்தை வீட்டு அலமாரியில் வையுங்கள். உங்களோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்து, இன்று பெயர் கூப்பிடப்படாத நண்பனையும் நினைத்துக்கொள்ளுங்கள். முதல் சனிக்கிழமை அவனிடமிருந்தே தொடங்கலாம்.

வாழ்க தமிழ்! வளர்க நம் பள்ளி!