லினன் தீட்டுவார்

மடக்குச் சவரக்கத்தியைத் தீட்டும் தொங்குவாரில் பெரும்பாலும் இரண்டு பட்டைகள் இருக்கும்: ஒன்று தோல், மற்றது லினன் அல்லது கித்தான். கத்தியை முதலில் துணியில் இழுத்துத் தோலில் முடிப்பது வழக்கம். கூர்மையை உண்டாக்குவது சாணைக்கல். விளிம்பில் ஒட்டிய துகளைத் துடைத்து, அதைச் சீராக்குவதே வாரின் வேலை.

18ஆம் நூற்றாண்டின் இறுதியில் லண்டனில் ஜார்ஜ் பேக்வுட் என்பவர் தீட்டுவாரையும் அதற்கான பசையையும் பத்திரிகை விளம்பரங்களாலேயே பிரபலமாக்கினார். அடுத்த நூற்றாண்டில் ஜான் ஜோசப் மெக்கி தீட்டுவார் விற்றுப் பெருஞ்செல்வம் சேர்த்தார். கிரிமியப் போருக்குப் (1853–56) பின் தாடி நாகரிகமாகிவிட, அந்த வியாபாரம் படுத்தது.

துணிப் பட்டைக்குத் தீயணைப்புக் குழாய் வந்து சேர்ந்த கதை சுவையானது. 1670களில் ஆம்ஸ்டர்டாமில் யான் வான் டெர் ஹெய்டன் உருவாக்கிய குழாய் தோலால் ஆனது. பின்னாளில் லினன் எனப்படும் ஆளிநாரைத் தையலே இல்லாத குழாயாக நெய்தார்கள். நனைந்ததும் நார் உப்பி இழை இடைவெளிகளை அடைத்துக்கொள்வதால் உள்ளே ரப்பர் பூச்சு தேவைப்படவில்லை. அதற்காக நெய்த நெருக்கம்தான் கத்திக்கும் பொருந்தியது. அமெரிக்கத் தயாரிப்பாளர்கள் அதைத் தீட்டுவாருக்கும் பயன்படுத்தினர். ஒன்றரை அங்குலக் குழாயைத் தட்டையாக்கினால் அகலம் ஏறத்தாழ 2.4 அங்குலம் வரும். கத்தி அலகு சுமார் 3 அங்குல நீளம் என்பதால் சற்றுச் சாய்வாக இழுக்க வேண்டும்.

1904இல் ஜில்லெட் பாதுகாப்பு ரேசருக்குக் காப்புரிமை கிடைத்தது. அந்த ரேசர் பரவப் பரவ வாரின் தேவை சுருங்கியது. குழாய்களும் செயற்கை இழைக்கு மாறின. கட்டடங்களிலிருந்து கழற்றப்பட்ட பழைய லினன் குழாய்கள் இன்று ஆர்வலர்களிடம் மறுபடி வாராகின்றன.

மீட்பதற்கு முன் துணியை மடித்துப் பார்க்க வேண்டும். பூஞ்சை தின்ற நார் மடிப்பில் பொடிந்துவிடும். அதை எறிவதே நல்லது. உலோக இணைப்பை ஒட்டித் துரு படிந்த பகுதியையும் வெட்டி நீக்க வேண்டும். மிச்சத்தை வெதுவெதுப்பான சோப்பு நீரில் பலமுறை அலசி, பலகையில் இழுத்து ஆணியடித்து உலர்த்துவார்கள். தளர்வாக உலர்ந்தால் சுருங்கி மேடுபள்ளம் விழும். வெண்மைக்காக பிளீச்சிங் போடுவது வீண்வேலை; நார்தான் வலுவிழக்கும். கறை கத்தியைக் கெடுக்காது, ஒரு மணல் துணுக்கு கெடுத்துவிடும்.

காய்ந்தபின் இஸ்திரி போட்டு, உலர்ந்த சோப்புக் கட்டியைத் தேய்த்து, கண்ணாடிப் புட்டியை அழுத்தி உருட்டி இழைக்குள் சோப்பை இறக்க வேண்டும். அமெரிக்க முடிதிருத்துப் பாடநூல்கள் கித்தானுக்குச் சொல்லும் பழைய முறை இது. குரோமியம் ஆக்சைடு போன்ற தீட்டுப்பொடி வேண்டுமென்றால் தனித் துணியில் பூசுங்கள். ஒருமுறை இழைக்குள் இறங்கிய பொடி எவ்வளவு அலசினாலும் முழுதாகப் போகாது.