பல் சீழ்க்கட்டும் கிராம்புத் தைலமும்

பல்வலி கண்டவுடன் பஞ்சில் கிராம்புத் தைலத்தைத் தோய்த்துச் சொத்தைப் பல்லில் வைப்பது நெடுங்கால வழக்கமாகும். அதனால் வலி தணிவது உண்மையே. ஆயினும் வலி தணிவது வேறு, நோய்த்தொற்று நீங்குவது வேறு.

கிராம்புத் தைலத்தின் பெரும்பகுதி யூஜெனால் என்னும் வேதிப்பொருளாகும். இது நரம்பின் வழியே வலியுணர்வு கடத்தப்படுவதைத் தற்காலிகமாகத் தடுக்கிறது. அழற்சியைத் தூண்டும் புராஸ்டாகிளாண்டின்கள் உருவாவதையும் குறைக்கிறது. பல் மருத்துவர்களே இதனைத் துத்தநாக ஆக்சைடுடன் குழைத்துத் தற்காலிகப் பல் அடைப்பாகப் பயன்படுத்துகின்றனர்.

ஆய்வகத்தில் யூஜெனால் பாக்டீரியாவின் செல் சவ்வைச் சிதைத்து அதனைக் கொல்கிறது. அங்கு தைலம் கிருமியை நேரடியாகத் தொடுகிறது. பல் சீழ்க்கட்டிலோ கிருமிகள் பல் வேரின் நுனியிலும் தாடை எலும்பினுள்ளும் தங்கியுள்ளன. பஞ்சில் வைத்த தைலம் அவ்விடத்தைச் சென்றடைவதில்லை. மிகுதியாக ஊற்றினால் ஈறும் கன்னத்தின் உட்புறமும் வெந்து புண்ணாகும்.

தோலின் மேற்பரப்பில் நிலை சற்று வேறு. 1990-இல் ஆஸ்திரேலியாவில் 124 முகப்பரு நோயாளிகளிடம் நடைபெற்ற ஆய்வில், 5 விழுக்காடு டீ ட்ரீ எண்ணெய் கலந்த ஜெல் பருக்களைக் குறைத்தது. ஒப்பிடப்பட்ட பென்சாயில் பெராக்சைடை விட அதன் பலன் தாமதமாகவே தெரிந்தது.

பல்வலி திடீரென நின்றுவிட்டால் குணமாகிவிட்டதாகக் கருதலாகாது. பல்லின் உட்கூழ் அழிந்துவிட்டாலும் வலி நின்றுவிடும். தொற்று உள்ளே தொடரும். அது தாடையின் அடிப்பகுதிக்கும் கழுத்திற்கும் பரவினால் நாக்கு மேலெழும்பி மூச்சுக்குழல் அடைபடக்கூடும். நீரிழிவு உள்ளோர்க்கு இந்த ஆபத்து அதிகம்.

சீழை வெளியேற்றி, வேர் சிகிச்சை செய்வதோ பல்லை அகற்றுவதோதான் சிகிச்சை. காய்ச்சலோ பரவும் வீக்கமோ இருந்தால் மட்டுமே நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்து தேவைப்படும். அதனைத் தாமாக மருந்துக் கடையில் வாங்கி உட்கொள்ளுதல் கூடாது.

கன்னம் அல்லது கழுத்து வீக்கம், வாய் திறக்க இயலாமை, விழுங்குவதில் சிரமம், மூச்சுத்திணறல் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் 108 அவசர ஊர்தியை உடனே அழைக்கவும்.

தைலப் புட்டியைக் குழந்தைகளின் கைக்கு எட்டாமல் வைப்பது இன்றியமையாதது. சுமார் இரண்டு தேக்கரண்டி கிராம்புத் தைலத்தைக் குடித்த சிறு குழந்தைக்கு வலிப்பும் கல்லீரல் பாதிப்பும் ஏற்பட்டதை மருத்துவ இதழ்கள் பதிவு செய்துள்ளன. குழந்தை தைலத்தைக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்கச் செய்யாமல், புட்டியையும் உடன் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு விரையவும்.