தோட்டத்துச் சட்டையும் தெருவோரச் சுவரும்



விடுமுறை நாள்களில் கோலசிலாங்கூர் புக்கிட் மெலாவாத்தி குன்றின்மேல் ஏறிப் பாருங்கள். 1907ஆம் ஆண்டில் எழுப்பப்பட்ட கலங்கரை விளக்கத்தின் அருகே, தொளதொளத்த டீ-சட்டையும் கனத்த காலணியும் அணிந்த நம் இளையோர் ஒருவரையொருவர் படமெடுத்துக்கொண்டிருப்பர். சிக்கிஞ்சான் வயல்வெளியிலும் இதே காட்சிதான். 'ஸ்ட்ரீட்வேர்' என்று அவர்கள் சொல்லும் தெரு உடை, தெருச்சுவர் ஓவியம், கைப்பேசி நிழற்படம் ஆகிய மூன்றும் இன்று அவர்களின் பேச்சிலும் பொழுதிலும் கலந்துவிட்டன. பெரியவர்கள் பலர், "இதெல்லாம் மேல்நாட்டுக் கூத்து" என்று முகஞ்சுளிக்கின்றனர்.

அவர்கள் சொல்வதில் ஓரளவு உண்மை உண்டு. எனினும் அது முழு உண்மை அன்று. என்ன உடுத்திப் பொதுச் சாலையில் நடப்பது, எப்படிப் படத்தில் நிற்பது என்னும் கேள்விகள் இந்த வட்டாரத் தோட்டத் தமிழருக்குப் புதியவை அல்ல. ஒரு காலத்தில் அவை மானத்தின் கேள்விகளாக இருந்தன. அந்த வரலாற்றைத்தான் இங்கே சுருக்கமாக எழுத விழைகிறேன்.

மிதிவண்டியும் குல்லாவும்

அன்றைய தோட்டத்தில் உடையைப் பார்த்தே ஒருவரின் தகுதியைச் சொல்லிவிடலாம். துரைக்கு வெள்ளைக் கால்சட்டை, தலையில் தொப்பி. கிராணிக்கு வெளுத்துத் தேய்த்த சட்டை. விடியுமுன் பெரட்டில் வரிசையாக நிற்கும் பால்மரத் தொழிலாளிக்கோ இடுப்பில் கைலி, மேலே கித்தாப்பால் காய்ந்து கறுத்த பழஞ்சட்டை. பெண்கள் சேலைக்கு மேலே ஆண்களின் முழுக்கைச் சட்டையை மாட்டித் தலையில் துணி கட்டிக்கொள்வர். கொசுவுக்கும் முள்ளுக்கும் அதுவே காப்பு.

துரையோ கிராணியோ எதிரே வந்தால், மிதிவண்டியில் செல்லும் தொழிலாளி இறங்கி ஒதுங்கி நிற்க வேண்டும் என்பது எழுதப்படாத சட்டம். தன் உழைப்பில் வாங்கிய வண்டியில், பொதுச் சாலையில், அமர்ந்தபடி செல்லக்கூட அவனுக்கு உரிமை இல்லை.

1941ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலை நிறுத்தம் வெடித்தது. கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் ஆர்.எச்.நாதன் அதன் முன்னணியில் நின்றார். அன்று தமிழ்த் தொழிலாளியின் நாட்கூலி ஏறத்தாழ 50 முதல் 60 காசு. சீனத் தொழிலாளிக்கு நிகரான கூலி, பிள்ளைகளுக்குக் கல்வி, மருத்துவ வசதி, கள்ளுக்கடை மூடல், பெண்களிடம் முறைகேடாக நடப்பதற்கு முடிவு எனக் கோரிக்கைகள் நீண்டன. அவற்றோடு இன்னொன்றும் இருந்தது: துரைக்கும் கிராணிக்கும் முன்னால் மிதிவண்டியிலிருந்து இறங்காமல் செல்லும் உரிமை! கூலி உயர்வும் மிதிவண்டியும் ஒரே பட்டியலில் இடம்பெற்றன என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். வயிற்றுப் பசிக்குச் சற்றும் குறையாதது மானப் பசி.

அக்காலத்தில் தலையில் வைத்த வெள்ளைக் காந்திக் குல்லாவும் கிளர்ச்சியின் அடையாளம் ஆயிற்று. ஒரு முழத் துணியில் தைத்த குல்லாதான். ஆயினும் தலைகுனிந்தே பழகியவன் அதை அணிந்து சாலையில் நடந்தபோது, நிருவாகம் அதைத் துணியாகப் பார்க்கவில்லை, அறைகூவலாகப் பார்த்தது.

மே மாதத் தொடக்கத்தில் நாதன் கைது செய்யப்பட்டார். பின்னர் நாடு கடத்தப்பட்டார். போராட்டம் மேலும் பரவியது. அம்மாத நடுவில் சிலாங்கூரில் அவசர நிலை அறிவிக்கப்பட்டுப் படையினர் இறக்கப்பட்டனர். தொழிலாளர் ஐவர் உயிரிழந்தனர். நம் வட்டாரத்தில் தெரு உடையின் வரலாற்றை எழுதப் புகுவோர் இந்த ஐவரைத் தாண்டிச் செல்லவியலாது என்பது என் கருத்து.

சாக்கும் காக்கியும்

அதே ஆண்டின் இறுதியில் சப்பானியர் வந்தனர். துணி கிடைக்காத பஞ்சத்தில் சாக்கையே உடையாகத் தைத்து உடுத்தினர் மக்கள். மானம் மறைப்பதே பெரும்பாடான அந்தக் காலத்தில்தான் இன்னொரு வியப்பும் நிகழ்ந்தது. 1943 அக்டோபரில் சிங்கப்பூரில் கேப்டன் இலட்சுமியின் தலைமையில் ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் தொடங்கியது. மலாயாத் தோட்டங்களிலிருந்து இளம்பெண்கள் பலர் அதில் சேர்ந்தனர். அவர்களுள் பலர் இந்திய மண்ணைக் கண்ணால் கண்டதே இல்லை. சேலையும் பாவாடையும் மட்டுமே அறிந்திருந்த அவர்கள் காக்கிக் கால்சட்டையும் தொப்பியும் காலணியும் அணிந்து, துப்பாக்கி ஏந்தி அணிவகுத்தனர்.

அப்படையின் நிழற்படங்கள் இன்றும் கிடைக்கின்றன. நேதாஜியை அறிவோம், இலட்சுமியை அறிவோம். பின்வரிசையில் விறைப்பாக நிற்கும் பெண்களில் பெரும்பாலோர் யாரென்று நமக்குச் சொல்வார் இல்லை. எந்தத் தோட்டம், எந்த லயம், யார் பெற்ற மகள்?

கருவி யார் கையில்?

இந்தப் பெயரின்மை நிழற்படக் கருவி மலாயாவுக்கு வந்த நாளிலிருந்தே தொடர்வது. 1908ஆம் ஆண்டில் ஆர்னால்ட் ரைட் பதிப்பித்த, பிரிட்டிஷ் மலாயாவைப் பற்றிய பெருநூலில் தோட்டப் படங்கள் நிறைய உண்டு. தோட்டக்காரத் துரைமார்க்குப் பெயரும் வரலாறும் தரப்பட்டிருக்கும். தொழிலாளர் மரத்தைப் போலவும் ஆலையைப் போலவும் காட்சியின் ஒரு பகுதியாக நிற்பர்.

நமக்கு மிக அருகிலுள்ள சான்று ஒன்று. 1917ஆம் ஆண்டில் இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம், நம் பத்தாங் பெர்ஜுந்தையின் தென்னமரம் தோட்டத்தில் உருவானது. 2007 முதல் அவ்வூருக்குப் பெஸ்தாரி ஜெயா என்று பெயர். அத்தோட்டத்தை உருவாக்கிய பிரெஞ்சுக்காரர் ஆன்றி ஃபொகோனியே, பின்னர் மலாயாவைப் பற்றிய தம் புதினத்திற்காக 1930ஆம் ஆண்டின் கோன்கூர் பரிசைப் பெற்றார். அவர் பெயர் வரலாற்றில் நிலைத்தது. அந்தக் கன்றுகளுக்குக் குழி வெட்டிய கைகளின் பெயர்கள் நிலைக்கவில்லை.

தோட்ட மக்களில் மிகப் பலருக்கு முதன்முதலாகப் பெயரோடு சேர்ந்த படம் கிடைத்தது எப்போது தெரியுமா? 1948ஆம் ஆண்டில், அவசரகாலச் சட்டத்தின் கீழ். 12 வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவரும் படமும் பெருவிரல் ரேகையும் பதித்து அடையாள அட்டை பெற வேண்டும் என்று அரசு ஆணையிட்டது. அந்தப் படம் அவர்களைக் கொண்டாட எடுத்ததன்று, கண்காணிக்க எடுத்தது. ஆயினும் எத்தனையோ குடும்பங்களில் தாத்தா பாட்டியின் இளமை முகமாக எஞ்சியிருப்பது அந்தச் சின்னஞ்சிறு படம் ஒன்றே.

அதன்பின்னரே பட்டணத்துப் படக்கடைகள் நம் மக்களுக்கு நெருக்கமாயின. தீபாவளிக்கு எடுத்த புதுச்சட்டையோடு குடும்பமாகச் சென்று, திரையில் தீட்டிய மாளிகைக்கும் பூங்காவுக்கும் முன்னால் நின்றார்கள். லயத்து வீட்டில் வாழ்ந்தவர்கள் தாங்கள் விரும்பிய உடையில், விரும்பிய இடத்தில் நிற்பதாகக் காட்டிய முதல் படங்கள் இவை. இன்று கலங்கரை விளக்கத்தின் அருகே நின்று படமெடுக்கும் பிள்ளைகளும் அதே ஆசையைத்தான் தொடர்கின்றனர்.

சுவர் யாருடையது?

1970களில் நியூயார்க் நகரின் ஏழைப் பகுதி இளைஞர்கள் தங்கள் பெயர்களைப் பாதாள இரயில் பெட்டிகளில் வண்ணமாக எழுதினர். அவர்களிடையே வளர்ந்ததே ஹிப் ஹாப் இசை. அவர்கள் உடுத்திய முறையே பின்னர் உலகெங்கும் தெரு உடையாகப் பரவியது. 1989ஆம் ஆண்டுக்குள் அந்த இரயில் ஓவியங்கள் முற்றாக அகற்றப்பட்டன. மார்த்தா கூப்பர், ஹென்றி சால்ஃபன்ட் இருவரும் அவற்றைப் படமெடுத்து 1984ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டிருந்ததால்தான் அக்கலையை இன்று நாம் அறிகிறோம். சுவர் அழிந்தது, படம் காத்தது.

நம் நாட்டில் தெரு ஓவியத்திற்குப் பெரும் பெயர் வந்தது 2012ஆம் ஆண்டில். லித்துவேனியக் கலைஞர் எர்னஸ்ட் சக்கரேவிச் பினாங்கு ஜார்ஜ்டவுன் சுவரில், உண்மையான மிதிவண்டி ஒன்றைப் பதித்து, அதில் இரு பிள்ளைகள் செல்வதாகத் தீட்டினார். மறு ஆண்டு அவர் ஜொகூர் பாருவில் வரைந்த ஓவியத்தை நகராட்சி வெள்ளையடித்து மறைத்தது. வரைபவர் ஒருவர், சுவருக்கு உரியவர் வேறொருவர்.

இந்த உண்மை தோட்டத்துக்காரருக்குப் புதிதன்று. லயத்துச் சுவர் கம்பெனிக்குச் சொந்தம். அதனால்தானோ என்னவோ, நம் பெண்கள் வாசல் மண்ணில் வரைந்தார்கள். மாலைக்குள் கலைந்துவிடும் என்றறிந்தே நாள்தோறும் இட்ட கோலம், நம் தெரு ஓவியம் அன்றோ? தோட்டங்கள் கைமாறியபோதும் மேம்பாட்டுக்காக அழிக்கப்பட்டபோதும் லயங்கள் இடிந்தன. கோயில் சுவர்களில் உள்ளூர்க் கைகள் தீட்டிய மயிலும் முருகனும் பல இடங்களில் மண்ணோடு போயின. அவற்றைப் படமெடுத்து வைத்தவர் சிலரே.

இன்றைய சட்டை

2006ஆம் ஆண்டில் யோகி பி, நட்சத்ரா குழுவினரின் 'வல்லவன்' இசைத்தொகுப்பு வெளிவந்தபின் தமிழ் ராப்பும் அதற்குரிய தொளதொளச் சட்டையும் நம் இளையோரிடையே மேலும் பரவின. 2007 நவம்பர் 25இல் கோலாலம்பூரில் திரண்ட இண்ட்ராப் பேரணியில் காந்தியின் படங்களை மக்கள் ஏந்தி நின்றனர். அவ்வியக்கத்தின் ஆரஞ்சு நிறச் சட்டை அரசியல் அடையாளம் ஆயிற்று. 2020 செப்டம்பரில் தமிழ்நாட்டில் இந்தித் திணிப்பை எதிர்க்கும் வாசகம் பொறித்த டீ-சட்டைகள் பரபரப்பாகப் பேசப்பட்டன. 1941இன் குல்லா எங்கும் போய்விடவில்லை, சட்டையாக உருமாறியிருக்கிறது.

ஆகவே, பிள்ளைகளின் உடையைப் பழிக்குமுன் இந்த வரலாற்றை அவர்களுக்குச் சொல்லுவோம். விலையுயர்ந்த முத்திரைக்காக மட்டும் சட்டை வாங்கும் பிள்ளையிடம், குல்லாவுக்காக அடிபட்டவர் கதையைக் கூறுவோம். என் வகுப்பில் நான் தரும் பணி எளியது: வீட்டிலுள்ள பழைய படம் ஒன்றைத் தேடி எடு, அதிலுள்ளோர் பெயர், தோட்டம், ஆண்டு, உடுத்தியிருப்பது என்ன என்பவற்றைப் பாட்டியிடம் கேள், தனித்தாளில் எழுதிப் படத்தோடு சேர்த்து வை. கைப்பேசியால் அதையும் ஒரு படம் எடு.

நைகல் கார்ட்னர், சுங்கை திங்கி, தென்னமரம், புக்கிட் ரோத்தான் என எந்தத் தோட்டத்தின் வழிவந்தவராயினும் நீங்களும் இதைச் செய்யலாம். சொல்லக்கூடிய மூத்தோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். இந்த வாரமே கேளுங்கள், அன்பர்களே.