கட்டிலோரத்துக் குரல்

ஆஸ்பத்திரியில் மிகவும் நீளமான பொழுது எது என்று கேட்டால், அங்கே படுத்து எழுந்தவர்கள் பெரும்பாலும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்: அந்தி ஆறு மணிக்கும் இரவு ஒன்பது மணிக்கும் நடுவே உள்ள பொழுது. டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார். மாத்திரை விழுங்கியாயிற்று. தூக்கம் வருவதற்கோ இன்னும் நேரம் இருக்கிறது. கூரையில் சுற்றும் மின்விசிறியை எத்தனை தடவைதான் எண்ணிக்கொண்டிருப்பது?

இந்த மூன்று மணி நேரத்தை நிரப்புவதற்கென்றே மேல்நாட்டில் சிலர் ஒரு காரியத்தைத் தொடங்கினார்கள். பகலெல்லாம் தத்தம் வேலையைப் பார்த்துவிட்டு, மாலையில் காலணா ஊதியமில்லாமல் ஆஸ்பத்திரிக்கு வந்து, நோயாளிகளுக்காக மட்டும் ஒலிபரப்பு நடத்தினார்கள். அதற்கு ஆஸ்பத்திரி ரேடியோ என்று பெயர். அதன் கதை சுவையானது. நமக்கும் அதில் கொஞ்சம் பங்கு உண்டு என்பதால் சொல்லுகிறேன்.

முதல் உலக யுத்தம் முடிந்த மறு வருஷம், 1919 மே மாதத்தில், அமெரிக்கத் தலைநகரான வாஷிங்டனில் வால்டர் ரீட் ராணுவ ஆஸ்பத்திரியில் ரேடியோக் கருவி ஒன்றை நிறுவினார்கள். யுத்தத்தில் காயம் பட்ட சிப்பாய்கள் படுத்தபடியே பாட்டுக் கேட்டார்கள். பிறகு 1925-ல் இங்கிலாந்தில் யார்க் நகரத்து ஆஸ்பத்திரியில் தாமஸ் ஹான்ஸ்டாக் என்பவர் இருநூறு கட்டில்களுக்குப் பக்கத்தில் காதுக் கருவிகளையும், எழுபது ஒலிபெருக்கிகளையும் பொருத்தினார். விளையாட்டு வர்ணனையும் மாதா கோவில் ஆராதனையும் கம்பி வழியாகக் கட்டில்களுக்கு வந்து சேர்ந்தன. பி.பி.சி. தோன்றி அப்போது மூன்றே வருஷந்தான் ஆகியிருந்தது என்பதை நினைத்துப் பார்த்தால் இதன் அருமை விளங்கும்.

இரண்டாவது யுத்தத்துக்குப் பிறகு இது இங்கிலாந்து முழுவதும் பரவிற்று. பரவியதற்கு முக்கியமான காரணம் என்னவென்று நினைக்கிறீர்கள்? சங்கீதமல்ல, கால்பந்து! சனிக்கிழமை பிற்பகலில் தம் ஊர்க் கோஷ்டி ஆடும்போது, கால் ஒடிந்து கட்டிலில் கிடப்பவன் என்ன பாடு படுவான்! மைதானத்தின் ஓரத்தில் ஒரு மைக்கை வைத்துக்கொண்டு ஒரு தொண்டர் உட்காருவார். அவருடைய குரல் டெலிபோன் கம்பியின் மூலம் ஆஸ்பத்திரிக்குப் போகும். அதற்குப் பிறகுதான் இசைத் தட்டுகள் வந்தன. தொண்டர்கள் கையில் ஒரு காகிதத்துடன் கட்டில் கட்டிலாகப் போய், "உங்களுக்கு என்ன பாட்டு வேண்டும்?" என்று கேட்டு எழுதிக்கொள்வார்கள். இரவில் அந்தப் பாட்டு, நோயாளியின் பெயரோடு ஒலிக்கும்.

பாட்டு என்னவோ கடையில் கிடைக்கிற பாட்டுத்தான். ஆனால் கேட்பதற்காக ஒருவர் கட்டிலருகே வந்து நின்றாரே, அது கடையில் கிடைக்காது. தொண்டர்களாக இருந்தவர்களைக் கேட்டால், ஒலிபரப்பைவிட அந்தச் சுற்றுதான் பெரிது என்பார்களாம். பாட்டைப் பற்றி ஆரம்பித்த பேச்சு, பேரனைப் பற்றியும், மறுநாள் காலையில் நடக்கப்போகிற ஆபரேஷனைப் பற்றிய பயத்தைப் பற்றியும் போய் முடியும்.

நம் நாட்டில் இது ஏன் வேரூன்றவில்லை? ரேடியோவில் நாம் பின்தங்கியவர்கள் என்று யாரும் எண்ண வேண்டாம். 1924 மே 16-ஆம் தேதி சி.வி. கிருஷ்ணசாமி செட்டியின் முயற்சியால் சென்னை ராஜதானி ரேடியோ கிளப் உருவாயிற்று. அதே ஆண்டு ஜூலை 31-ஆம் தேதி அது ஒலிபரப்பத் தொடங்கிவிட்டது. பம்பாயில் இந்தியன் பிராட்காஸ்டிங் கம்பெனி பிறப்பதற்கு மூன்று வருஷம் முன்னால் நடந்த காரியம் இது! ரேடியோப் பித்துக் கொண்ட சில கனவான்கள் ஆர்வத்தாலேயே நடத்திய சங்கம். ஆர்வத்துக்குக் குறைவில்லை, பணத்துக்குத்தான் குறைவு. 1927-ல் கிளப் நின்றுபோயிற்று. அதன் கருவியைச் சென்னைக் கார்ப்பரேஷன் ஏற்றுக்கொண்டு, 1930 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து தானே ஒலிபரப்பியது. கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி வைத்து, ரேடியோப் பெட்டி வாங்க வகையற்றவர்களும் கேட்கும்படி செய்தது. 1938 ஜூன் 16-ஆம் தேதி அகில இந்திய ரேடியோவின் சென்னை நிலையமும், அடுத்த மே மாதம் திருச்சி நிலையமும் வந்தன. ஆகவே, தமிழ் நாட்டில் ரேடியோவை முதலில் தூக்கி வளர்த்த கைகள் தொண்டர்களின் கைகளே.

அப்படியானால் அந்தக் கைகள் ஆஸ்பத்திரிப் பக்கம் ஏன் நீளவில்லை? எனக்குத் தோன்றும் காரணம் இது. இங்கிலீஷ்காரன் ஆஸ்பத்திரிக்குத் தனியே போவான். நாம் குடும்பத்தோடு போவோம். அங்கே பார்வை நேரம் முடிந்ததும் மணி அடித்து உறவினரை வெளியே அனுப்பிவிடுவார்கள். இங்கேயோ கட்டிலின் மேல் நோயாளி, கட்டிலுக்குக் கீழே தூக்குச் சட்டியும் பாயும், அந்தப் பாயில் ஒரு சின்னம்மாவோ மைத்துனரோ! பக்கத்துக் கட்டிலுக்கு என்ன வியாதி, எத்தனை ஏக்கர் நிலம், பெண்ணுக்கு எங்கே வரன் பார்க்கிறார்கள் என்பதெல்லாம் விளக்கு வைப்பதற்குள் தெரிந்துவிடும். ரேடியோவுக்கு அங்கே என்ன வேலை? வார்டே ஒரு ரேடியோ அல்லவா!

இதற்கு ஒரே விலக்கு காசநோய் ஸானடோரியம். 1928-ல் டாக்டர் சௌரி முத்து தாம்பரத்தில் தொடங்கிய ஸானடோரியம் போன்ற இடங்களில் மாதக் கணக்கில், சில சமயம் வருஷக் கணக்கில், மனிதர்கள் உற்றாரை விட்டுத் தனித்துக் கிடந்தார்கள். ஆனால் அந்தத் தனிமைக்கு மாற்று ரேடியோவாக வரவில்லை, மருந்தாக வந்தது. 1956-ல் சென்னையில் ஓர் ஆராய்ச்சி தொடங்கினார்கள். காசநோய் கண்ட ஏழை மக்களில் ஒரு பகுதியினரை ஸானடோரியத்திலும், மற்றொரு பகுதியினரை அவர்களுடைய குடிசையிலேயே வைத்தும் ஒரே மருந்துகளைக் கொடுத்தார்கள். வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவில் குணமடைந்தார்கள் என்று 1959-ல் முடிவு வெளியாயிற்று. உலகமே அதைப் பின்பற்றியது. வீட்டுத் திண்ணை ஸானடோரியத்தை வென்றுவிட்டது.

சட்டமும் ஒரு தடைதான். 1885-ஆம் வருஷத்துத் தந்திச் சட்டத்தின்படி வான அலை சர்க்காரின் தனிச் சொத்தாக இருந்தது. வான அலைகள் பொதுமக்களின் சொத்து என்று சுப்ரீம் கோர்ட் 1995-ல் தீர்ப்பளித்தது. கல்வி நிலையங்கள் ரேடியோ நடத்தலாம் என்று 2002-லும், தொண்டு நிறுவனங்களும் நடத்தலாம் என்று 2006-லும் சர்க்கார் வழி திறந்தது. 2004 பிப்ரவரி முதல் தேதி சென்னையில் அண்ணா பல்கலைக் கழகம் தன் சமுதாய வானொலியைத் தொடங்கிற்று. ரேடியோ கிளப் மறைந்து முக்கால் நூற்றாண்டுக்குப் பிறகு, சாதாரண மனிதரின் கைக்கு மைக் திரும்ப வந்தது.

இப்போது எங்கள் திண்டுக்கல்லுக்கு வருகிறேன். பூட்டுக்கும் தோலுக்கும் புகையிலைக்கும் பெயர் பெற்ற இந்தச் சீமைக்கு வைத்தியத்திலும் பெயர் உண்டு. 1947-ல் டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் தோற்றுவித்த காந்திகிராமத்தில் கஸ்தூரிபா ஆஸ்பத்திரி பிள்ளைப் பேற்றுக்காகத் தொடங்கி வளர்ந்தது. 1955-ல் ஒட்டன்சத்திரத்தில் கிறிஸ்தவ ஐக்கிய ஆஸ்பத்திரி வந்தது. 2022-ல் திண்டுக்கல்லுக்கு அரசு மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது. கட்டில்கள் பெருகிவிட்டன. கட்டிலுக்குக் கீழே இருந்த பாய்கள்தாம் குறைந்துவிட்டன.

சில வருஷங்களுக்கு முன் என் தாயாருக்குத் துணையாக ஓர் ஆஸ்பத்திரியில் பதினொரு நாள் இருந்தேன். அடுத்த கட்டிலில் வேடசந்தூர்ப் பக்கத்துக் கிழவி ஒருத்தி. மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறான். ஞாயிற்றுக்கிழமைதான் வர முடியும். மருமகளுக்குக் கைக்குழந்தை. ஒரு நாள் மாலை என் கைப்பேசியை எடுத்து, "என்ன பாட்டு வேணும் பாட்டி?" என்று கேட்டேன். கிழவி சிறிது யோசித்தாள்.

"பாட்டெல்லாம் எதுக்கு சாமி? எங்க ஊருல மழ பேஞ்சுச்சான்னு யாராச்சும் சொன்னாப் போதும்" என்றாள்.

கைப்பேசியில் உலகத்துப் பாட்டெல்லாம் இருந்தது. அவள் ஊரின் மழை இல்லை. பக்கத்தில் புகையிலை நட்டிருந்த ஒரு குடும்பத்தை வார்டில் தேடிப் பிடித்து, அவர்கள் ஊருக்குப் பேசி, தூறல் விழுந்தது என்ற செய்தியைக் கொண்டுவந்து சொன்னேன். கிழவி அன்றைக்குக் கஞ்சியை மீதம் வைக்காமல் குடித்தாள்.

யார்க் நகரத்துத் தொண்டர்கள் கால்பந்தைச் சொன்னார்கள். நாம் மழையைச் சொல்லலாம். வைகையில் தண்ணீர் விட்டார்களா, ஒட்டன்சத்திரம் சந்தையில் தக்காளி என்ன விலை, சிறுமலையில் மேகம் இறங்கியிருக்கிறதா என்று சொல்லலாம். கடைசியில், கட்டிலில் இருப்பவர் பெயரைச் சொல்லி ஒரு பாட்டும் வைக்கலாம். ஒரு கட்டடத்துக்குள் கம்பி வழியே பேசுவதற்கு வான அலையே வேண்டியதில்லை. ஒரு மைக்கும், சில ஒலிபெருக்கிகளும், ஆஸ்பத்திரியின் சம்மதமும், வாரத்துக்கு ஒரு மாலையைக் கொடுக்கக்கூடிய பத்துப் பேரும் வேண்டும். ஓய்வு பெற்ற வாத்தியார்களுக்கும், காலேஜ் மாணவர்களுக்கும் திண்டுக்கல்லில் என்றைக்குமே பஞ்சம் கிடையாது. முதல் நாள் அவர்கள் மைக்கைத் தொட வேண்டாம். காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொண்டு ஆறு மணிக்கு வார்டுக்குள் போய், எந்த ஊர் என்று மட்டும் கேட்டு எழுதிக்கொண்டு வரட்டும்.