பக்தாதிலிருந்து பதுளைக்கு வந்த அட்டவணை

பள்ளிவாசல் சுவரில் தொங்கும் தொழுகை நேர அட்டவணையின் வயது ஆயிரத்து இருநூறு ஆண்டு. அறியப்பட்டவற்றுள் மிகப் பழையது, 9ஆம் நூற்றாண்டில் பக்தாத் நகருக்காக அல்குவாரிஸ்மி கணித்தது. அல்ஜீப்ராவைத் தந்த அதே அறிஞர்தான். 14ஆம் நூற்றாண்டில் டமஸ்கஸ் உமையா பள்ளிவாசலில் இந்தக் கணிப்பையே பணியாகக் கொண்டிருந்தவர் இப்னு ஷாதிர். அதன் மினாராவுக்கென 1371இல் பெரிய சூரியக் கடிகாரம் ஒன்றைச் செய்தார். சந்திரனின் ஓட்டத்துக்கு அவர் வகுத்த மாதிரி, பின்னாளில் கோப்பர்னிக்கஸிடமும் ஏறக்குறைய அதே வடிவில் காணப்படுகிறது.

ஊவா மலைகளுக்கு வந்தபோது அட்டவணைக்குப் புதுச் சோதனை. பதுளையைச் சுற்றிலும் மலை. உண்மையான அஸ்தமனத்துக்கு முன்பே சூரியன் முகட்டுக்குப் பின்னால் போய்விடும். கண்ணை மட்டும் நம்பினால் நோன்பை முந்தித் திறந்துவிடுவோம். கொழும்பு நேரமும் பொருந்தாது. பதுளை அங்கிருந்து ஏறத்தாழ 1.2 பாகை கிழக்கே உள்ளது. பாகைக்கு 4 நிமிடம் வீதம், இங்கே நண்பகல் சுமார் 5 நிமிடம் முந்தி வருகிறது. அகில இலங்கை ஜம்இய்யதுல் உலமா வலயம் வலயமாக நேரம் வகுப்பது இதனால்தான். 1996இல் அரசாங்கம் கடிகாரத்தை முன்தள்ளி, 2006இல் பழைய நேரத்துக்கே திருப்பியபோது அட்டவணையின் எண்களும் மாறின. சூரியனோடு அதற்கிருந்த உறவு மாறவில்லை.

பிற்பகல் தொழுகையான அஸரைப் பாருங்கள். ஷாஃபிஈ மத்ஹபின்படி, நண்பகல் நிழலைக் கழித்தபின் பொருளின் உயரமளவுக்கு நிழல் நீண்டால் அஸர் நுழையும். ஏப்ரல் 7ஐ ஒட்டியும் செப்டம்பர் 5ஐ ஒட்டியும் பதுளையில் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. அன்று கழிக்க நிழலே இல்லை; ஒரு முழக் குச்சிக்கு ஒரு முழ நிழல் விழுந்தால் அஸர். கொழுந்து நிறுக்கும் மடுவத்து முற்றத்தில் ஒரு பிள்ளைகூட இதை அளந்துவிடலாம்.

ஆக, இந்த அட்டவணைக்கு மார்க்க அறிவும் கணிதமும் சேர்ந்தே வேண்டும். மார்க்கக் கல்வியையும் நவீனக் கல்வியையும் அப்படி இணைக்கும் முயற்சி நம் நாட்டிலும் வேரூன்றியதுதான். நளீம் ஹாஜியார் 1973இல் பேருவளையில் ஜாமிஆ நளீமிய்யாவை அந்த நோக்கோடுதான் நிறுவினார். தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் இஸ்லாமியக் கற்கைகள் பீடம் ஒலுவிலிலும் பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையிலும் இயங்குகின்றன. இரு பீடத்து மாணவரும் சேர்ந்து தத்தம் ஊருக்கு இந்த அட்டவணையைக் கணிக்கட்டும். பிக்ஹு தெரியாமல் எந்த நிழலை அளப்பதென்று தெரியாது. முக்கோணக் கணிதம் தெரியாமல் அந்த நிழல் எத்தனை மணிக்கு விழுமென்று சொல்ல முடியாது. அச்சிட்ட நேரத்தைப் பார்த்து பாங்கு சொல்ல எல்லோராலும் முடியும். அந்த நேரம் எப்படி வந்தது என்று விளக்கக்கூடிய மௌலவிமாரை உருவாக்குவது உயர்கல்வியின் கடமை.