சிறுவரும் நகரமைப்பும்

நான் பள்ளியிற் படித்த காலத்தில் குடிமைப் பயிற்சி என்றொரு பாடம் உண்டு. நகராட்சியின் கடமைகளை வரிசை பிறழாமல் ஒப்புவிப்போம். ஆயினும், எங்கள் தெருச் சாக்கடை என்று சீர்ப்படும் எனக் கேட்பதற்கு ஒருவரும் எங்களைப் பழக்கவில்லை. நகர் அமைப்பதில் சிறுவருக்கு என்ன வேலை என்று கருதுவோர் இன்றும் பலர். அவர்கள் சிகாகோ நகரின் வரலாற்றைச் சற்றே நோக்குதல் நலம்.

1871இல் பெருந்தீக்கு இரையான அந்நகரம் விரைந்து எழுந்தது. ஆனால் ஒழுங்கின்றி எழுந்தது. 1909இல் டேனியல் பர்ன்ஹாம், எட்வர்டு பென்னட் என்னும் இருவர், வணிகப் பெருமக்களின் ஆதரவில், அதற்கொரு பெருந்திட்டம் வகுத்தனர். அகன்ற சாலைகளும் ஏரிக்கரைப் பூங்காக்களும் அதில் இடம்பெற்றன. ஆனால் கடன் பத்திரம் வெளியிட்டுப் பணம் திரட்ட மக்களின் வாக்கு வேண்டுமே! திட்டக் குழுவின் வால்டர் மூடி ஒரு வழி கண்டார். இன்றைய மாணவனே நாளைய வாக்காளன் அல்லவா? ஆகவே 1911இல் எட்டாம் வகுப்பிற்கென ஒரு பாடநூல் எழுதினார். குழுத்தலைவர் சார்லஸ் வாக்கரின் பெயர் அந்நூலுக்குச் சூட்டப்பெற்றது. எட்டாம் வகுப்போடு பள்ளியை விடுவோர் மிகுந்திருந்த காலம் அது. 1912 முதல் 1931 வரை, திட்டம் தொடர்பான ஏறத்தாழ 86 கடன் பத்திரங்களுக்கு மக்கள் இசைவளித்தனர். பெருமை முழுவதும் அந்நூலுக்கே உரியதென்று கூற மாட்டேன். அதற்கும் பங்குண்டு என்பேன்.

எனினும் ஒரு குறை என் நெஞ்சை உறுத்துகிறது. அந்நூல் சிறுவருக்குத் திட்டத்தை விளக்கியது. சிறுவரைக் கேட்டுத் திட்டத்தைத் திருத்தவில்லை. நெருக்கடியான குடியிருப்பில் வாழ்ந்த பிள்ளை, தன் வீட்டைப் பற்றி அத்திட்டம் பேசியது மிகச் சிறிதே என்பதை எவரிடம் முறையிடும்?

கேட்கும் வழக்கம் பின்னரே தோன்றியது. 1970களில், யுனெஸ்கோவின் துணையோடு, கெவின் லிஞ்ச் என்னும் அறிஞர் மெக்சிகோ, போலந்து முதலிய நாடுகளில் சிறுவரைத் தம் வட்டாரத்தின் படத்தை வரையச் செய்து, அவர் கருத்தைக் கேட்டறியும் ஆய்வை நடத்தினார். 1989இல் ஐக்கிய நாடுகளின் குழந்தை உரிமை உடன்படிக்கை, தம்மைப் பற்றிய செய்திகளில் கருத்துரைக்கும் உரிமையைக் குழந்தைகளுக்கு வழங்கியது. 2014இல் பாஸ்டன் நகரம் பத்து லட்சம் டாலரை ஒதுக்கி, அதைச் செலவிடும் வகையை 12 முதல் 25 வயதினரின் வாக்கிற்கே விட்டது. அவர்கள் விளையாட்டிடங்களையும் நடைபாதைகளையும் தேர்ந்தனர். பள்ளிகளுக்குக் கணினிகளும் கேட்டனர். விளையாட்டுப் புத்தியால் பணம் வீணாகும் என்று அஞ்சியோர்க்கு இதுவே விடை.

தெருவை நாள்தோறும் நடந்து அளப்பவர் சிறுவர். அவர்க்கு நகரத்தைக் கற்பிப்பது முதற்படி. அவரிடமிருந்து நகரத்தைக் கற்பது அடுத்த படி. முதற்படியிலேயே நின்றுவிட்டால், நான் ஒப்புவித்த அந்தப் பாடத்தையே நம் பேரப் பிள்ளைகளும் ஒப்புவிப்பர். சாக்கடையும் அப்படியே இருக்கும்.