வழிப்போக்கரின் நாணயம்

கையிலிருக்கும் காசுக்கும், கொடுத்த வாக்கைக் காக்கும் குணத்துக்கும் ‘நாணயம்’ என்ற ஒரே பெயரை நம்முடைய பாஷை வைத்திருக்கிறது. பிரயாணிகளுக்கென்று இன்று வங்கிகள் வழங்கும் கடன் அட்டையின் பூர்வ சரித்திரத்தை ஆராயப் புகுவோர்க்கு, முதற்பொருளிலிருந்து இரண்டாம் பொருளை நோக்கி மனிதர் நடந்து வந்த பாதையே அந்தச் சரித்திரம் என்பது விளங்கும்.

ஊரை விட்டுப் புறப்படுகிறவனுக்கு மடியிலிருக்கும் பணமே பலம், அதுவே பயமும். வழியில் கள்வர் அச்சம் ஒரு புறமிருக்க, எல்லையைக் கடந்ததும் தன் தேசத்துக் காசு செல்லாக் காசாகிவிடும் சங்கடம் மறுபுறம். இதற்குப் பரிகாரமாக, 1772ஆம் ஆண்டில் லண்டன் வங்கியாளர் ராபர்ட் ஹெரீஸ், ஐரோப்பிய நகரங்கள் பலவற்றில் மாற்றிக்கொள்ளத்தக்க பணச் சீட்டுகளை வழங்கலானார். நம் நாட்டு வணிகர் கையாண்ட உண்டியல் என்னும் மாற்றுச் சீட்டும், காசுக்குப் பதிலாகச் சொல்லை எடுத்துச் செல்லும் இதே உபாயத்தின் வேறொரு வடிவமே.

அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் கம்பெனியின் தலைவர் ஜே. சி. ஃபார்கோ ஐரோப்பாவில் பிரயாணம் செய்தபோது, எத்தனை பெரிய வங்கியின் கடனுறுதிக் கடிதமானாலும் பெருநகரங்களுக்கு அப்பால் அதை மதித்துப் பணம் தருவாரைக் காண்பது அரிது என்பதை அநுபவத்தில் உணர்ந்தார். அவர் கட்டளைப்படி மார்செல்லஸ் பெர்ரி என்னும் ஊழியர் சிந்தித்துக் கண்ட வழிதான் 1891இல் வெளிவந்த பிரயாணிக் காசோலை. அதன் சூட்சுமம் மிக எளிது. வாங்கும்போது குமாஸ்தாவின் முன்னிலையில் ஒரு கையொப்பம். தொலைதூர விடுதியிலோ கடையிலோ செலவிடும்போது, அங்குள்ளவரின் கண்ணெதிரே இன்னொரு கையொப்பம். எழுத்தின் சுழிப்பும் சாய்வும் இரண்டிலும் ஒத்திருந்தால், முன்பின் அறியாதவன் நம்பத்தக்கவனாகிவிடுவான். இரண்டாம் கையொப்பம் இடப்படாத சீட்டு கள்வன் கையில் அகப்பட்டாலும் அவனுக்கு அது வெறுங்காகிதமே. 1914இல் மகாயுத்தம் மூண்டு, ஐரோப்பாவில் அமெரிக்கப் பிரயாணிகள் திக்கற்று நின்ற வேளையில், அக்கம்பெனி தன் காசோலைகளுக்குத் தொடர்ந்து பணம் கொடுத்துப் பெருங்கீர்த்தி பெற்றது.

பணத்தை முன்னதாகக் கட்டிச் சீட்டு வாங்கும் அந்த முறை, 1950இல் நியூயார்க்கில் ஃபிராங்க் மக்னமாரா முதலானோர் தொடங்கிய டைனர்ஸ் கிளப் என்னும் உணவக அட்டைத் திட்டத்தினால் தலைகீழாயிற்று. உணவு முதலில், பணம் மாதக் கடைசியில் என்று ஆயிற்று. 1958இல் அமெரிக்கன் எக்ஸ்பிரஸும் ஆண்டுக்கு 6 டாலர் சந்தாவில் தன் அட்டையை வெளியிட்டது. அதே ஆண்டில் கலிபோர்னியாவின் ஃபிரெஸ்னோ நகரத்தில் பாங்க் ஆஃப் அமெரிக்கா, கேளாதவர்க்கும் ஏறக்குறைய 60,000 அட்டைகளைத் தபாலில் அனுப்பிற்று. பாக்கியை முழுவதும் தீர்க்காமல் வட்டியுடன் அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போட இந்த அட்டை இடங்கொடுத்தமையால், சௌகரியத்தோடு அபாயமும் வீட்டுக்குள் புகுந்தது.

அட்டையில் செலவிடுவோர்க்கு வெகுமதி என்னும் அம்சம் விமான வழியாக வந்து சேர்ந்தது. 1978இல் அமெரிக்க அரசாங்கம் விமானக் கட்டணங்களின் மீதிருந்த கட்டுப்பாட்டைத் தளர்த்தியதும் போட்டி கடுமையாயிற்று; வாடிக்கையாளரைத் தம்மிடமே நிறுத்திக்கொள்ள விரும்பிய கம்பெனிகளுள் அமெரிக்கன் ஏர்லைன்ஸ், 1981 மே மாதத்தில், பறந்த மைல்களைக் கணக்கிட்டு இலவசப் பிரயாணம் அளிக்கும் திட்டத்தை ஆரம்பித்தது. 1987இல் சிட்டிபாங்க் அத்திட்டத்தோடு தன் அட்டையை இணைக்கவே, வீட்டிலிருந்தபடி மளிகை வாங்குகிறவனுக்கும் மைல்கள் சேரலாயின. அந்த மைல்களை விமானக் கம்பெனியிடமிருந்து வங்கி விலைக்கு வாங்குகிறது. அதற்கான பணமோ கடைக்காரர் தரும் தரகிலிருந்தும், ஆண்டுச் சந்தாவிலிருந்தும், பாக்கி வைப்போர் செலுத்தும் வட்டியிலிருந்தும் வருகிறது.

இதை அறிந்தவர்க்கு முதல் அட்டையைத் தேர்ந்தெடுப்பது கடினமன்று. சந்தா இல்லாததாகவோ சொற்பமாகவோ இருத்தல் வேண்டும்; அந்நிய நாணயச் செலவுக்குத் தனிக் கட்டணம் இன்மை நன்று; செலவுக்கேற்பச் சேரும் வெகுமதிப் புள்ளிகள் ஒரே கம்பெனியின் விமானத்துக்கு மட்டும் உரியனவாக இராமல், எந்தப் பிரயாணச் செலவுக்கும் எளிதில் உதவுவனவாக இருந்தால் புதியவர்க்கு அனுகூலம் மிகுதி. புது அட்டைக்கு வங்கி தரும் ஆரம்ப வெகுமதியை நாடித் தேவையற்ற பொருளை வாங்குவது, சுங்கத்துக்கு அஞ்சிச் சுற்றுவழி போய்ப் பொழுதையும் பொருளையும் இழப்பதற்கு ஒப்பாகும்.

விண்ணப்பத்தில் நாம் இடுவது முதற் கையொப்பம் மாத்திரமே. தவணை நாளுக்குள் பாக்கி முழுவதையும் செலுத்துவதே இரண்டாம் கையொப்பம். இரண்டும் ஒத்திருக்கும் வரையில் வெகுமதி வெகுமதியாகவே இருக்கும். நாணயமும், அச்சொல்லின் இரு பொருளிலும், நம்மிடமே இருக்கும்.